திதி வெண்பாவும் ஒப்பாரியும்

யாழ்ப்பாணத்து வீடுகளில், அலுமாரியின் மேற்றட்டிலோ பெட்டகத்தின் அடியிலோ, மெல்லிய புத்தகக் கட்டொன்று கிடப்பது வழக்கம். கல்வெட்டுகள் என்று அவற்றைச் சொல்வோம். கல்லில் வெட்டியவை அல்ல. காலமானவரின் 31ஆம் நாளன்று அந்தியேட்டிக் கிரியைகள் நிறைவேறியபின் வந்தோர் கையிற் கொடுக்கப்படும் சிறு நூல்கள் அவை. முகப்பிலே படம், உள்ளே பிறந்த ஊர், வமிசம், கற்ற கல்வி, வகித்த உத்தியோகம், செய்த தருமம், சில திருமுறைப் பதிகங்கள், அப்பாற் செய்யுள்கள். செய்யுள்களுள் முன்னே நிற்பது திதி வெண்பா. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று ஏனையவை வரிசையாகத் தொடரும். சரமகவி என்பதும் இவ்வகைப் பாடல்களுக்கு வழங்கிய பெயரே.

எது கவிதை, எது கவிதை அன்று என்னும் வினா மாணவர் மத்தியில் இடையறாது எழுகின்றது. யாப்புத் தவறாதது கவிதை என்று ஒரு சாராரும், யாப்பை உடைத்தெறிந்ததே கவிதை என்று மற்றொரு சாராரும் வாதிடுகின்றனர். இரு சாராரையும் பெரிய நூல்களிடம் அனுப்புமுன், வீட்டிலே கிடக்கும் அந்தக் கட்டை ஒருமுறை அவிழ்த்துப் பார்க்கும்படி நாம் வேண்டிக்கொள்வோம். விவாதத்துக்கு வேண்டிய சான்றுகளிற் பாதி அதற்குள்ளேயே இருக்கின்றன.

முதலில் திதி வெண்பா. நான்கடிக்குள் ஆண்டும் மாதமும் பக்கமும் திதியும் இறந்தவரின் பெயரும் அமைதல் வேண்டும். இரண்டாமடி இறுதியில் தனிச்சொல் நிற்றல் வேண்டும். ஈற்றடி முச்சீராய், நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றால் முடிதல் வேண்டும். இடையில் எங்கேனும் வெண்டளை பிழைத்தால் அது வெண்பா ஆகாது. ‘அபரபக்கத் துவாதசி’ போன்ற தொடரைத் தளை தட்டாமல் உள்ளே நுழைத்துப் பார்த்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். அதனைச் செய்து கொடுத்த கிராமத்துப் புலவர்களின் புலமையை நாம் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. இலக்கணம் கற்ற ஒருவர் ஊருக்கு ஒருவரேனும் இருந்தார் என்பதற்கு அந்த வெண்பாக்கள் சாட்சி.

ஆனால் அதன் தொழில் யாது? ஆண்டுதோறும் திவசத்துக்கு நாட்பார்க்க வேண்டும். பஞ்சாங்கத்தைப் புரட்டுவதற்குத் திதி வேண்டும். காகிதம் மலிந்திராத காலத்தில் அதை மனத்தில் இருத்துவதற்கு ஓசை உதவியது. வெண்பாவைப் பிரித்து, ‘இன்ன ஆண்டு, இன்ன மாதம், இன்ன பக்கத்து, இன்ன திதி’ என்று நாட்குறிப்பில் எழுதிவிட்டால் அதன் பொருளில் ஒரு துளியும் சிந்திவிடுவதில்லை. ஓசை ஒன்றே போகும். ஆகவே அது செய்யுள்; பயனுடைய செய்யுள். அதைக் கவிதை என்று கொள்ள நாம் உடன்படோம். இவ்வாறு சொல்வதில் இகழ்ச்சி ஏதுமில்லை. நெல் அளக்கும் கொத்தை வீணையன்று என்று சொல்வது கொத்துக்கு இழுக்காகுமா?

புலம்பற் பாக்களின் கதை வேறு. அவை துயரத்தைச் சொல்ல வந்தவை. கவிதையின் வேலையைத் தம் வேலையாக ஏற்றுக்கொண்டவை. அதனாலேயே அவற்றைக் கடுமையாகப் பார்க்க வேண்டியிருக்கின்றது. ஒரே புலவர் பாடிய இரு கல்வெட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். மனைவி புலம்பலில் கணவர் குன்றாகவும் விளக்காகவும் மதியாகவும் வருவார். மக்கள் புலம்பலில் ஆலமர நிழலாக வருவார். பெயரை மாற்றினால் ஒரு வீட்டுப் பாடலை மற்றொரு வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். எடுத்துச் சென்றதும் உண்டு. புலவர்மீது குற்றமில்லை. அவர் இறந்தவரைக் கண்டிருக்கவே மாட்டார். வீட்டார் எழுதிக் கொடுத்த குறிப்பொன்றே அவர் கையிலிருந்தது. விருத்தம் வழுவாமல் ஓடுகின்றது, எதுகை மோனை குறைவின்றி வருகின்றது, வாசித்து முடித்தபின் இறந்தவர் எப்படிப்பட்டவர் என்பது மட்டும் தெரியாமலே இருக்கின்றது.

அதே வீட்டு முற்றத்தில், அந்தப் பாக்கள் அச்சேறுவதற்கு முப்பது நாள் முன்னதாக, வேறொன்று நடந்திருக்கும். பிரேதத்தைச் சுற்றியிருந்து பெண்கள் ஒப்பாரி சொல்லியிருப்பார்கள். அவர்களுட் பலர் எழுத்தறியாதவர்கள். தளை இன்னதென்று கேள்விப்பட்டும் இராதவர்கள். ஒப்பாரியிலும் வாய்பாடுகள் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. முத்தும் பவளமும் தேரும் பல்லக்கும் எல்லா ஒப்பாரியிலும் வரும். ஆயினும் அந்த வாய்பாடுகளினிடையே, திடீரென்று, அந்த வீட்டுக்கே உரிய ஒன்றை ஒரு பெண் எடுத்துவிடுவாள். செத்தவர் நட்டுக் காய்ப்பதைக் காணாமற்போன மாமரமாக இருக்கலாம். வேலிக்கு அடைக்கவென்று வெட்டி வைத்த ஓலையாக இருக்கலாம். அந்த இடத்தில், அதுவரை பந்தலிற் சுருட்டுப் புகைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசிய ஆடவரும் பேச்சை நிறுத்திவிடுவர். முத்தும் பவளமும் செய்யாததை வேலி ஓலை செய்துவிடுகின்றது.

இது ஏன் என்று ஆராய்வதே கவிதை எது என்று ஆராய்வதாகும் என்பது எமது துணிபு.

பழைய இலக்கணகாரர் யாப்பை மட்டுமே போற்றினர் என்றொரு எண்ணம் பரவியிருக்கின்றது. அது தொல்காப்பியத்தைத் திறவாதவர்களின் எண்ணம். செய்யுளியலிலே செய்யுளுக்கு 34 உறுப்புகள் சொல்லப்படுகின்றன. மாத்திரை, அசை, சீர், அடி, தொடை என்று எழுத்தையும் ஓசையையும் அளப்பன அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஏனையவற்றை நோக்குங்கள். கூற்று என்பது பேசுகின்றவர் யார் என்பது. கேட்போர் ஓர் உறுப்பு. களனும் காலமும் உறுப்புகள். மெய்ப்பாடு ஓர் உறுப்பு. சொல்லாது விட்டதைக் கேட்பவன் நிரப்பிக்கொள்ளுமாறு அமைக்கும் எச்சமும் ஓர் உறுப்பு. எவர், எவருக்கு, எவ்விடத்தில், எப்பொழுது சொன்னார் என்பதைச் செய்யுளின் புறத்தே வைக்காமல் அதன் உடம்பிலேயே சேர்த்த நூல் அது. மேலும், யாப்பு நடைபெறும் இடங்கள் ஏழு என்று எண்ணுமிடத்துப் பாட்டோடு உரையையும் பிசியையும் முதுசொல்லையும் அது சேர்த்து எண்ணுகின்றது. பிசி என்பது விடுகதை. முதுசொல் என்பது பழமொழி. பாட்டி சொல்லும் விடுகதைக்கும் இடம் வைத்த இலக்கணத்தைக் குறுகியது என்று எவ்வாறு கூறுவது?

பிற்காலத்து நன்னூலாரும், பல தாதுக்களாலாகிய உடம்பு உயிருக்கு இடமாவது போலச் சொற்களாலாகிய செய்யுள் பொருளுக்கு இடமாகும் என்ற உவமையையே ஆள்கின்றார். யாப்பு உடம்பின் பாற்பட்டது. உடம்பில்லாத உயிரை எவரும் கண்டதில்லை என்பது உண்மை. உயிரில்லாத உடம்பைத்தான் நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம்.

முப்பத்து நான்கு உறுப்புகளில் எம்மை மிகவும் ஈர்ப்பது நோக்கு என்பது. மாத்திரை முதலாக அடி நிரம்புங்காறும் நோக்குதற்குக் காரணமாய் நிற்பது அது என்று தொல்காப்பியர் சுருங்கக் கூறிப் போய்விட்டார். யார் நோக்குவது? உரையாசிரியர்கள் இங்கே பிரிகின்றனர். இளம்பூரணர், எடுத்த பொருளை முடிக்குமளவும் வேறொன்றைப் பாராது அதனையே பார்த்து நிற்கும் நிலை என்பதுபட உரைக்கின்றார். அது பாடுகின்றவனின் பார்வை. பேராசிரியரோ, கேட்டவர் மீண்டும் திரும்பிப் பார்த்துப் பயன் கொள்ளச் செய்யும் கருவி என்பதுபட உரைக்கின்றார். அது கேட்கின்றவனின் பார்வை. எவ்வுரை நூலாசிரியர் கருத்து என்று புலவர்கள் வாதிடட்டும். எமக்கு இரண்டும் ஒன்றையொன்று விளக்குவனவாகவே தோன்றுகின்றன. பாடியவன் உற்றுப் பாராத ஒன்றைக் கேட்டவன் எதற்காகத் திரும்பிப் பார்க்கப் போகின்றான்? கல்வெட்டுப் புலவர் மாமரத்தைப் பார்த்ததில்லை. ஒப்பாரி சொன்னவள் பார்த்திருக்கின்றாள்.

பேராசிரியர் இதற்கு எடுத்துக்காட்டாக விரித்துரைப்பது அகநானூற்றின் 4ஆம் பாட்டு. குறுங்குடி மருதனார் பாடியது. பிரிந்து சென்ற தலைவன் வருவதாகச் சொன்ன கார்காலம் வந்துவிட்டது. தோழி தலைவியைத் தேற்றுகின்றாள். முல்லை அரும்புகின்றது, கொன்றை கட்டவிழ்கின்றது, முறுக்கிய இரும்பு போன்ற கொம்புடைய இரலைமான்கள் துள்ளுகின்றன. இவ்வளவும் முல்லைத்திணையின் வழமையான காட்சிகளே. பயின்ற புலவர் எவரும் பாடுவர். பின்னர் தேர் வருகின்றது. வருகின்ற வழியில் பூக்களில் வண்டுகள் தம் துணையோடு தேன் உண்டுகொண்டிருக்கின்றன. மணியோசை கேட்டால் அவை கலங்கிப் பிரியும் என்று அஞ்சி, தலைவன் தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகின்றான்.

இவ்விடத்தில் எவரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பர். வண்டின் பிரிவையும் பொறாதவன் உன் பிரிவைப் பொறுப்பானா என்று தோழி சொல்லவில்லை, சொல்லாமல் விட்டாள். அவன் விரைந்து வருகின்றவன். விரைகின்றவன் தேரை நிறுத்தி, இறங்கி, மணியைக் கட்டுவதற்குப் பொழுது செலவிட்டிருக்கின்றான். இன்னுமொன்று. மணி கட்டப்பட்டதால் தேர் வருவது தலைவிக்குக் காதால் தெரியாது. ஆகவே தோழியின் சொல்லைத்தான் அவள் நம்பவேண்டும். ஒரு சிறு செயல் எத்தனை பக்கம் ஒளி வீசுகின்றது பாருங்கள். இதைப் பொழிப்புரையாக எழுதினால் செய்தி தங்கும். நாம் இப்போது எழுதியதும் அத்தகைய பொழிப்புரையே. ஆயினும், வண்டின் அச்சத்தை முதலிலும் மணியைப் பின்னரும் வைத்து, ஒரே மூச்சில் நடந்துபோகும் அகவலின் நடை இதிலே இல்லை. அந்த வரிசையும் அந்த ஓசையும் பொருளின் பகுதி. யாப்புக்குரிய பெருமை இங்கேதான் இருக்கின்றது. திதி வெண்பாவிலே ஓசை பொருளுக்குச் சுமைகூலி; இங்கே ஓசை பொருளோடு பிறந்தது.

செய்யுள் வடிவில் வந்தவையெல்லாம் கவிதையே என்று கொண்டால் எமது நாட்டுப் பழைய நூல்கள் பலவற்றுக்குத் தொல்லைதான் விளையும். 1310இல் தம்பதெனிய அரசவையிலே போசராச பண்டிதரால் அரங்கேற்றப்பட்ட சரசோதிமாலை செய்யுள் நூல்; அது கூறுவது சோதிடம். யாழ்ப்பாணத்து மன்னர் காலத்தில் எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் ஆகியன செய்யுள் நூல்கள். அவை கூறுவது வைத்தியம். நோய்க்குறிகளையும் மருந்துச் சரக்குகளின் அளவையும் அவற்றின் ஆசிரியர்கள் பாவிலே பதித்தது மாணாக்கன் மறவாமல் இருத்தற்பொருட்டு. ஆசிரியர்கள் தாம் கவிதை செய்வதாக எண்ணவில்லை. நாம் ஏன் எண்ணவேண்டும்? கிரேக்கத்து அரிஸ்டோட்டிலும், எரோதோத்தசின் வரலாற்றைச் செய்யுளாக்கினாலும் அது வரலாறாகவே இருக்கும் என்று எழுதியிருக்கின்றார். நெடுந்தூரத்திலிருந்து வந்த இந்தச் சாட்சி இல்லாவிடினும் வழக்கு நிற்கும்.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த இளைஞர் கூட்டம் கைதட்டியிருக்கும். கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

தமிழில் யாப்பை நீக்கி எழுதும் முயற்சிக்கு வயது குறைவன்று. பாரதியார் வசன கவிதை எழுதினார். ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ மணிக்கொடியில் வந்தது 1934இல். சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ அந்த வழியை அகலமாக்கியது. அவர்கள் யாப்பு அறியாமல் அதை விட்டவர்கள் அல்லர். யாப்பு இல்லாதபோது வேறு எதனால் சொல்லை நிறுத்துவது என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. இன்று எமது பார்வைக்கு வரும் எழுத்துகளிற் பலவற்றில் அந்தக் கவலையைக் காணோம். ஒரு வாக்கியத்தை எடுத்து, மூன்று சொல்லுக்கு ஒரு வரியாக மடித்து, கடைசி வரியில் ஒரு வியப்புக்குறி போட்டால் கவிதை என்று கொள்ளப்படுகின்றது. வரிகளைத் திரும்பச் சேர்த்து உரைநடையாக எழுதிப் பாருங்கள். ஒன்றும் குறையாவிட்டால், திதி வெண்பாவுக்குச் சொன்ன தீர்ப்பே இதற்கும். திதி வெண்பாவாலோ திவசத்துக்கு நாளாவது அறியலாம்.

‘இதயம்’, ‘விழி’, ‘கனவு’, ‘வலி’ என்பன இவற்றின் முத்தும் பவளமும். கல்வெட்டுப் புலவரின் குன்றும் விளக்கும் போலவே இவையும் எந்த வீட்டுக்கும் எடுத்துச் செல்லத்தக்கன. பழைய பொதுச்சொல்லை இகழ்ந்துவிட்டுப் புதிய பொதுச்சொல்லைக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன முன்னேற்றம்?

ஈழத்திலே இந்தச் சிக்கலை நேராக எதிர்கொண்டவர்களுள் அளவெட்டியிற் பிறந்த மஹாகவியை மறத்தலாகாது. து. உருத்திரமூர்த்தி என்பது அவர் இயற்பெயர். 1927 முதல் 1971 வரை வாழ்ந்தவர். அவர் யாப்பைக் கைவிடவில்லை. அதற்குள்ளே எமது மக்கள் பேசும் ஓசையைக் கொண்டுவந்து வைத்தார். சீர்க்கணக்குப்படி அன்றிப் பேச்சு நிற்கும் இடம் பார்த்து அடிகளை முறித்து அச்சிட்டார். கண்ணுக்குப் புதுக்கவிதை போலத் தோன்றும். வாய்விட்டு வாசித்தாற் பழைய பா உள்ளே நடந்துகொண்டிருக்கும். முருகையன், நீலாவணன் முதலியோரும் இவ்வழியில் ஆளுக்கொரு விதமாகச் சென்றனர். ஆகவே அச்சுத்தாளின் தோற்றத்தைக் கொண்டு இது மரபு, இது புதுமை என்று தீர்ப்புக் கூறுவது எமது நாட்டிலே எளிதில் ஏமாற்றத்தில் முடியும். மட்டக்களப்புப் பகுதியிலோ இந்தத் தொல்லையே இல்லை. வயல்வெளியிலும் வீட்டு முற்றத்திலும் எழுதாமலே பாடப்பட்ட நாலடிப் பாடலை அங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் ‘கவி’ என்றே அழைத்தனர். பண்டிதர் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

போர்க்கால எழுத்து இவ்வினாவை மேலும் கூர்மையாக்கியது. 1985இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ என்னும் தொகுதியும், 1986இல் பெண்களின் கவிதைகளைக் கொண்ட ‘சொல்லாத சேதிகள்’ தொகுதியும் வந்தன. இவற்றை யாப்பதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளிவிட எவருக்கும் மனம் வராது. அதேவேளை, துயரம் உண்மையானது என்பதனால் எழுத்தும் கவிதையாகிவிடும் என்று சொல்லவும் முடியாது. கல்வெட்டை வெளியிட்ட வீட்டாரின் துயரமும் உண்மையானதே. இதைச் சொல்வது கடினம். தன் பிள்ளையை இழந்த ஒருவர் எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு, இது கவிதையாகவில்லை என்று சொல்வதற்கு எவருக்கு நா எழும்? சொல்லாமல் இருக்கலாம், ஆனால் அந்தத் தயக்கத்தினால் அளவுகோலை மாற்றிக்கொண்டால், அதே துயரத்தை உற்றுப் பார்த்துச் சொல்லிய மற்றொருவருக்கு நாம் அநீதி செய்தவராவோம்.

ஓர் எடுத்துக்காட்டு. 1981இல், மே மாத இறுதியும் ஜூன் மாதத் தொடக்கமுமான நாள்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இது செய்தி, ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவ்வாண்டே எம். ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையை எழுதினார். நூலகப் படிகளிலே புத்தர் சுடப்பட்டுக் கிடப்பதாக ஒரு கனவு. அவருடலை நூல்களாலே மூடி எரிக்கின்றார்கள். எரிப்பதற்குச் சிகாலோகவாத சூத்திரமே தீக்கொள்ளியாகின்றது, தம்மபதமும் சாம்பலாகின்றது. புத்தர் நூலகப் படியிற் சுடப்படவில்லை என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். உண்மையல்லாத அந்த ஒன்றைச் சொன்னதனால், செய்தி சொல்லாத உண்மையொன்று வெளியாகிவிட்டது: எரித்தவர்கள் எதைக் காப்பதாகச் சொன்னார்களோ அதையே எரித்தார்கள். கண்ணீர் என்ற சொல்லைத் தேடவேண்டிய தேவையே அங்கு எழவில்லை. நூல்களின் எண்ணிக்கை செய்தியிலே ஒரு கணக்கு. கவிதையிலே அது சிதைக்கு அடுக்கிய விறகு.

மாமரம், தேர்மணி, நூலகப் படி. ஒன்று வாய்மொழி, ஒன்று சங்க அகவல், ஒன்று எமது காலத்தது. யாப்பளவில் இம்மூன்றையும் ஒரு கூடையிற் போட இயலாது. மூன்றிலும் ஒருவர் ஒன்றை உற்றுப் பார்த்திருக்கின்றார். அதனால் நாம் திரும்பிப் பார்க்கின்றோம். இவற்றைப் படித்தபின் கவிதைக்கு இலக்கணம் ஒன்றை ஒரே வரியில் எழுதித் தரும்படி மாணவர் கேட்டால், தருவதற்கு எம்மிடம் இல்லை. தொல்காப்பியருக்கே முப்பத்து நான்கு வேண்டியிருந்தன.

பாடசாலைகளிலே தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம் மட்டும் உண்டு. செய்யுட் பகுதிக்குப் பொழிப்புரை எழுதுக, அணியைப் பெயரிடுக, அருஞ்சொற்பொருள் தருக என்ற வினாக்கள் இருக்கட்டும். பரீட்சை என்று ஒன்று இருக்கும்வரை அவையும் இருக்கும். அகநானூற்றுப் பாட்டைப் படிப்பிக்கும் நாளில், கொப்பிகளை மூடச் சொல்லிவிட்டு, தலைவன் தேர்மணியின் நாவை ஏன் கட்டினான் என்று மட்டும் கேட்டு, பத்து நிமிடம் பேசாமல் இருந்து பார்க்கலாம். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை, ‘மணிச்சத்தம் கேளாவிட்டால் அவ எப்படி அவர் வாறதை அறிவா, சேர்?’ என்று கேட்டால், அன்றைய பாடத்தை அத்துடன் நிறுத்திவிடலாம்.